தேயத் தேயப் புதுப்பித்த வண்டி

பழைய 350 சிசி புல்லட்டின் வலப்பக்கம், சிலிண்டருக்கு அடியில் சின்னதாக ஒரு மூடி இருக்கும். அதைப் பிடித்திருப்பது ஒரே ஒரு நட்டு. கழற்றினால் இரண்டு புஷ்ராடுகளின் அடிப்பகுதியும் கண்ணில் படும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பிஸ்டன் அழுத்த வீச்சின் உச்சியில் நிற்க வேண்டும். புஷ்ராடை இரண்டு விரலால் உருட்டினால் தடையில்லாமல் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆட்டினால் ஆடக் கூடாது. டேப்பெட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க இந்த விரல் கணக்கே போதும். வேறு அளவுகோல் வேண்டியதில்லை.

வீட்டுத் திண்ணையில் இரண்டு மூன்று ஸ்பானரோடு உட்கார்ந்து ஒருவர் தன் வண்டியைத் தானே சரிசெய்துகொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டில் வேரூன்றியதற்கு இந்த மாதிரி அமைப்புகளே முதல் காரணம்.

அந்த வழக்கத்தின் தொடக்கம் இங்கிலாந்தில் இருக்கிறது. ரெட்டிச் என்ற ஊரில் ஊசியும் சைக்கிளும் செய்துவந்தவர்கள் 1901ல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தார்கள். புல்லட் என்ற பெயர் 1932ல் வந்தது. இன்று நாம் புல்லட் என்றதும் நினைக்கும் உருவம், பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்ம் வைத்த 350 சிசி வண்டி, 1949ல் விற்பனைக்கு வந்தது. அந்தக் காலத்துப் பெட்ரோலும் ஆயிலும் பிஸ்டன் தலையில் கரி படிய வைக்கும். சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டி வால்வை உட்காரவைப்பது வண்டிக்காரரின் வேலை என்றே பிரிட்டனில் கருதினார்கள். கம்பெனி கொடுத்த கையேட்டில் அதற்கான முறை இருக்கும். லண்டன் பிட்மன் பதிப்பகம் ஒவ்வொரு மேக்குக்கும் தனித்தனியாக மலிவு விலைப் புத்தகம் போட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகு எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டி தேடிய இந்திய அரசு புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. அந்தத் தேவையை ஒட்டி 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் முதலில் பாகங்களை வரவழைத்துப் பூட்டினார்கள். 1957ல் தயாரிப்புக் கருவிகளும் வந்துசேர்ந்தன. 1960களின் தொடக்கத்துக்குள் பாகங்கள் இங்கேயே வார்க்கப்பட்டன, கடையப்பட்டன. வடசென்னையில் அதற்கான சூழலும் இருந்தது. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949லேயே தொடங்கியிருந்தது.

ரெட்டிச் ஆலை 1967ல் மூடப்பட்டது. திருவொற்றியூர் ஆலை நிற்கவில்லை.

அது செய்த வண்டியும் பெரிதாக மாறவில்லை. சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் வீச்சு 90 மில்லிமீட்டர், கொள்ளளவு 346 சிசி. 1955ல் இருந்த இந்தக் கணக்கு 50 ஆண்டு கழித்தும் அப்படியே இருந்தது. அப்பா காலத்து வண்டிக்கு மகன் காலத்து உதிரிபாகம் பொருந்தியது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, புது வண்டிக்கு நீண்ட காத்திருப்பு என்றிருந்த காலத்தில் இது பெரிய ஆறுதல். ராணுவம் கழித்துவிட்ட புல்லட்டுகள் ஏலத்துக்கு வரும். அவற்றை வாங்கிப் பிரித்துப் பூட்டியே தொழில் கற்ற மெக்கானிக்குகள் உண்டு.

தேய்ந்த பாகத்தைத் தூக்கி எறியாமல் மீட்பதற்கு ஒரு படிவரிசை இருந்தது. சிலிண்டர் சுவர் தேய்ந்து புகை தள்ளினால் லேத் பட்டறையில் போர் போட்டு, ஒரு படி பெரிய பிஸ்டன் வைப்பார்கள். அந்தப் படிகளை இருபது, நாற்பது, அறுபது என்று அழைப்பது வழக்கம். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை வைத்துச் சொல்லும் ஆங்கிலேயர் காலத்து அளவு அது. அறுபதும் முடிந்துவிட்டால் உள்ளே ஸ்லீவ் இறக்கி மறுபடி 70 மில்லிமீட்டருக்குக் கொண்டுவருவார்கள். ஒரே சிலிண்டர் இப்படி இரண்டு தலைமுறைக்கு ஓடும். கிராங்கைப் பிரிப்பதும் ஃபிளைவீலை நேராக்குவதும் பட்டறைக்காரர் வேலை. பாயிண்ட் இடைவெளி வைப்பது, கிளட்ச் பிளேட் மாற்றுவது, செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுவது எல்லாம் வீட்டிலேயே நடக்கும்.

வீட்டில் செய்யும் வேலைகளில் பொறுமையை அதிகம் கேட்பது வால்வு லேப்பிங். ஹெட்டைக் கழற்றி, ஸ்பிரிங்கை அமுக்கி வால்வை வெளியே எடுக்க வேண்டும். வால்வின் சாய்ந்த முகத்தில் கிரைண்டிங் பேஸ்ட்டைக் கொஞ்சமாகத் தொட்டுவைத்து, ரப்பர் கவ்வி வைத்த குச்சியை வால்வின் தலையில் ஒட்டி, மோர் கடைவதுபோல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். அவ்வப்போது வால்வைத் தூக்கிக் கால் வட்டம் திருப்பி உட்காரவைத்தால்தான் ஒரே இடம் தேயாமல் இருக்கும். முதலில் கரகரவென்று கேட்கும் ஒலி பேஸ்ட் நைந்ததும் மட்டுப்படும். துடைத்துப் பார்த்தால், வால்விலும் அது உட்காரும் வளையத்திலும் மங்கிய சாம்பல் நிறக் கோடு ஒன்று எங்கும் அறுபடாமல் சுற்றிவர வேண்டும். பேஸ்ட்டைத் துளி மிச்சமில்லாமல் கழுவிய பிறகு வால்வைப் பூட்டி, போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றிக் காத்திருப்பார்கள். மறுபக்கம் கசியாவிட்டால் வேலை முடிந்தது.

பாகம் கிடைக்காதவர்களுக்குச் சென்னையில் புதுப்பேட்டை இருந்தது. எழும்பூரை ஒட்டிய அந்தத் தெருக்களில், பிரித்த வண்டிகளின் ஹெட், கியர், மட்கார்டு எல்லாம் குவிந்து கிடக்கும். காயலான் கடை என்று ஊர் சொன்னாலும், எந்தப் பாகம் எந்த ஆண்டு வண்டிக்குப் பொருந்தும் என்று பார்த்தவுடன் சொல்லக்கூடியவர்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். பழைய வண்டிகளின் மரைகள் ஆங்கிலேய அளவு, பிந்தைய வண்டிகளில் மெட்ரிக் அளவு. இந்த வேறுபாட்டை அறியாமல் நட்டை முறுக்கினால் மரை போய்விடும்.

1977ல் சென்னைப் புல்லட் பிரிட்டனுக்கு ஏற்றுமதியானது. அதையொட்டி, ரெட்டிச்சில் பிறந்த 1950களின் வண்டிகளை வைத்திருந்த ஆங்கிலேயர்களுக்கும் திருவொற்றியூரில் செய்த பாகங்கள் கைகொடுத்தன. தாய் ஆலை மூடிய பின்னும் அதன் வண்டிகள் ஓடுவதில் நம் ஊர்ப் பட்டறைகளுக்குப் பங்கு உண்டு.

1994ல் ஐஷர் குழுமம் கம்பெனியை எடுத்துக்கொண்டது. 2010 வாக்கில் வார்ப்பிரும்பு சிலிண்டர் இன்ஜின் விடைபெற்றது. அதன் இடத்துக்கு வந்த இன்ஜினில் டேப்பெட் ஹைட்ராலிக்; பாயிண்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன். ஆயில் கசிவு குறைந்தது, கிக்கர் உதைக்கும் பாடும் குறைந்தது. அது நல்ல முன்னேற்றமே. ஆனால் புஷ்ராடை விரலால் உருட்டிப் பார்க்கும் தேவை இப்போது இல்லை. கற்றுக்கொள்ள அந்தக் கைவேலையும் இல்லை.

தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டாகத்தான் புதுப்பிக்கப்படுகிறது. 2022 ஏப்ரலில் இரு சக்கர வண்டிக்கான கட்டணம் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயானது. செலவுக்குப் பயந்து பழைய புல்லட்டை எடைக்குப் போட நினைப்பவர்கள், அதற்கு முன் ஒருமுறை அந்தக் காலத்து மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள். எவ்வளவு தேய்ந்திருந்தாலும் சிலிண்டரை மட்டும் எறிந்துவிடாதீர்கள்; ஸ்லீவ் போட்டால் அது மறுபடி ஓடும். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, அளவுகளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த விரல் கணக்குகளில் பல இன்னும் எந்தக் கையேட்டிலும் ஏறவில்லை.