செல்லாங்குச்சி: அடிப்பவரின் இலக்கு

கம்பால் சிறு குச்சியைக் கிளப்பி அடிக்கும் விளையாட்டு செல்லாங்குச்சி. கிட்டிப்புள், கில்லி என்றும் சொல்வார்கள். சங்கரன்கோவிலில் பிறந்த தேவநேயப் பாவாணர் 1954இல் வெளிவந்த தம்முடைய ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். தாமிரபரணிக் கரையில், பிசான நெல் அறுவடை முடிந்து அரிதாள் காய்ந்து கிடக்கும் வயல் இதற்கு நல்ல களம்.

கம்பு ஏறக்குறைய ஒன்றரை முழம்; குச்சி நான்கைந்து விரற்கடை, இரு முனையும் கூராகச் சீவியது. தரையில் தோண்டிய சிறு குழியின் குறுக்கே வைத்த குச்சியை அடிப்பவர் கம்பால் நெம்பி எறிவார். எதிரணி அதைப் பிடித்துவிட்டால் அவுட். தரையில் விழுந்த குச்சியை எறிந்து, குழிமேல் கிடத்திய கம்பில் படவைத்தாலும் அவுட். இரண்டிலும் தப்பியவர் குச்சியின் முனையைத் தட்டி எழுப்பி அடிக்கலாம்; பெரும்பாலும் மூன்று வாய்ப்பு. போன தூரத்தைக் கம்பாலேயே அளப்பார்கள். மற்ற விதிகள் ஊருக்கு ஊர் மாறும்.

அடிப்பவரின் வேலையைப் பேஸ்பாலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதில் பந்தை எறிபவர் எதிரணிக்காரர். சுமார் 18.4 மீட்டர் தொலைவிலிருந்து வரும் பந்தை அடிப்பதா விடுவதா என்று அரை விநாடிக்குள் முடிவாக வேண்டும். 1941இல் .406 அடிச் சராசரி எடுத்த பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸ், அடிக்கத் தகுந்த பந்துக்காகக் காத்திருப்பதையே முதல் விதியாகச் சொன்னார். தகாத பந்துகளை விட்டு, அவை நான்கு சேர்ந்தால், அடிக்காமலே முதல் தளம் கிடைத்துவிடும். செல்லாங்குச்சியில் அந்தச் சலுகை கிடையாது. அடிப்பவரே தமக்கு வேண்டிய ‘பந்தை’ உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதனால் வீச்சை விடத் தட்டுதான் பெரிய வித்தை. கூர்முனையை அளவோடு தட்டினால் குச்சி சுழன்றபடி இடுப்புயரத்துக்கு நேராக எழும். முனையை விட்டு உள்ளே தள்ளித் தட்டினால் சரியாக எழாது. வேகம் கூடினால் தலைக்கு மேலே போய்விடும்.

எழுந்த குச்சியின் நடுவில் கம்பு பட வேண்டும். உயரத் தூக்கி அடிப்பது பார்க்க அழகு, ஆனால் எதிரணிக்கு ஓடிவந்து பிடிக்க நேரம் கொடுத்துவிடும். ஆள் இல்லாத இடைவெளி பார்த்துத் தாழ அடிப்பவரே நெடுநேரம் ஆடுவார். ஆனி, ஆடியில் மேல்காற்று பலமாக வீசும்போது மேற்கே அடித்தால் எடை குறைந்த குச்சி அந்தரத்திலேயே தேங்கிவிடும். கிழக்கே அடித்தால் காற்றும் கூட வரும்.

கூர்முனை கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். இந்த விளையாட்டால் குழந்தைகளுக்குக் கண்காயம் நேர்வதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். முனையைச் சற்று மழுக்கிவிட்டாலும் குச்சி எழும். தட்டும்போது எதிரே நெருங்கி யாரும் நிற்கவே கூடாது.