இஞ்சி பிளேன்டீக்கும் ஒரு வரலாறு இருக்கிறது

வாசனையூட்டிய தேயிலை என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது கடைத் தட்டில் அடுக்கியிருக்கும் விலைகூடிய தகரப் பெட்டிகள்தான். வெனிலா, ஸ்ட்ரோபெரி, ஏர்ள் கிரே. அதை ருசிபார்ப்பது வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம்.

அப்படியென்றால் இஞ்சி தட்டிப் போட்டு, ஏலக்காய் உடைத்துப் போட்டு, தேசிக்காய் பிழிந்து நாம் குடிக்கும் பிளேன்டீ என்ன? அதுவும் வாசனையூட்டிய கறுந்தேயிலைதான். தராவீஹ் முடிந்து வரும்போதும், கல்யாண வீட்டிலும், மையத்து வீட்டிலும் நம் கைக்கு வருவது அதுதான். தினமும் குடிக்கிறோம். ஆனால் அதன் ருசியையும் கவனிப்பதில்லை, அது வந்த வழியையும் கேட்பதில்லை.

பரீட்சைக்காக நாம் பிள்ளைகளுக்குப் பாடமாக்கிக் கொடுப்பது ஒரே வரி: 1867, ஜேம்ஸ் டெய்லர், லூல்கந்துர தோட்டம், 19 ஏக்கர். அந்த வரிக்கு முன்னும் பின்னும் நிறைய இருக்கிறது.

தேயிலைக்கு முன் மலையகம் கோப்பிக் காடாக இருந்தது. 1869 இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. படிப்படியாகத் தோட்டங்கள் அழிந்தன, துரைமார் தேயிலைக்கு மாறினார்கள். 1873 இல் இலங்கையிலிருந்து லண்டனுக்குப் போனது வெறும் 23 றாத்தல். 1883 இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கிவிட்டது.

பயிர் மாறியபோது மனிதர்களின் வாழ்க்கையும் மாறியது. கோப்பிப் பழம் பறிப்பது பருவ வேலை. தமிழ்நாட்டிலிருந்து மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள் வேலை முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். வழியிலேயே நோயில் இறந்தவர்கள் ஏராளம். தேயிலைக் கொழுந்தை வருடம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பறிக்க வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக லயன்களில் தங்கினார்கள். அப்படித் தங்கி இந்த நாட்டுக்குச் சம்பாதித்துக் கொடுத்த மக்களின் குடியுரிமையைத்தான் 1948 இன் சட்டம் பறித்தது. அந்தப் பிரச்சினை சட்டத்தில் பெரும்பாலும் தீர்வதற்கு 2003 வரை சென்றது. லயன் அறைகளோ இன்னும் இருக்கின்றன.

இனி ருசிக்கு வருவோம். இலங்கைத் தேயிலையில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் ஏற்றுமதியாகிறது. உள்ளூர்க் கடைக்குப் பெரும்பாலும் வருவது டஸ்ட் போன்ற சிறு தூள். தூள் சிறியதாக இருப்பதால் சாயம் சீக்கிரம் இறங்கும், கசப்பும் கூடவே இறங்கும். இஞ்சி, ஏலம், கறுவா, அதோடு மூன்று கரண்டி சீனி என்று நாம் சேர்ப்பதற்கு இந்தக் கசப்பும் ஒரு காரணம். இந்தப் பழக்கம் நம்மிடம் மட்டும் இல்லை. ஏர்ள் கிரேயின் வாசனை இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும் பெர்கமொட் என்ற பழத்தோலின் எண்ணெயிலிருந்து வருகிறது. சீனாவில் மல்லிகைப் பூவையும் தேயிலையையும் சேர்த்து வைத்து மணமேற்றினார்கள். ஈராக்கில் ஏலக்காய் போட்டுக் குடிக்கிறார்கள். காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலையின் கடும் சாயத்தை மத்திய கிழக்கு விரும்பி வாங்குகிறது. கேரளத்து மாப்பிள்ளைமாரின் சுலைமானியும் இதே குடும்பம்.

ஆனால் ஒரு வித்தியாசம் கவனிக்க வேண்டும். நல்ல தேயிலையில் சேர்த்த இஞ்சி தேயிலையோடு சேர்ந்து நிற்கும். மட்டமான தூளில் சேர்த்த செயற்கை எசென்ஸ் தேயிலையை மூடிவிடும். இதைக் கண்டுபிடிக்கச் செலவு இல்லை. வீட்டிலேயே செய்யலாம்.

100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம். ருசிபார்ப்போரின் சர்வதேச அளவு இது. முதலில் சீனியும் வாசனையும் இல்லாமல் ஒரு வாய். சத்தம் வர உறிஞ்சுங்கள், வெட்கப்பட வேண்டாம். ருசிபார்ப்பதையே தொழிலாகச் செய்பவர்களும் அப்படித்தான் உறிஞ்சுகிறார்கள். காற்று சேர்ந்தால்தான் மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும். பிறகு இஞ்சி சேர்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய். காரமும் கசப்பும் மட்டும் தெரியும். கையை எடுத்ததும் இஞ்சி வாசம் வரும். அடுத்து தேசிக்காய் நான்கு துளி. சாயம் கண்முன்னே வெளிறும். தேயிலையின் நிறப் பொருள்கள் புளிப்பில் நிறம் குறைவதுதான் காரணம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட நல்ல விஞ்ஞான பாடம் வேண்டுமா?

முடிந்தால் இரண்டு ஊர்த் தேயிலையை அருகருகே வைத்துப் பாருங்கள். நுவரெலியாத் தேயிலை மெல்லிய நிறம், மென்மையான மணம். ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்று தேயிலைக்கு ஒரு குளிர்ச்சியான மணத்தைக் கொடுக்கிறது. அந்த மணத்துக்காகவே ஏலத்தில் விலை ஏறும். இப்படிப்பட்ட தேயிலைக்கு ஏலக்காய்கூடத் தேவையில்லை என்று தோன்றும்.

2021 இல் இரசாயன உரத்தைத் தடை செய்ததும், 2022 இல் பால்மா கிடைக்காமல் வரிசையில் நின்றதும் நமக்கு மறக்காது. அந்த இரண்டு வருடங்களில் தேயிலை உற்பத்தி சுமார் 30 கோடி கிலோவிலிருந்து 25 கோடியாக விழுந்தது. கொழுந்து குறைந்தால் முதலில் குறைவது பறிப்பவரின் நாட்சம்பளம். நாமோ பால் டீயை விட்டு பிளேன்டீக்கு வந்தோம். கஷ்டத்துக்கு வந்த பழக்கம் என்றாலும், சீனியைக் குறைத்து ருசிபார்த்துக் குடித்தால் உடம்புக்கும் நல்லது.

இந்தக் கிழமை வீட்டில் பிள்ளைகளோடு இதைச் செய்து பாருங்கள். அந்தக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே லயன் அறைகளின் கதையையும் சொல்லுங்கள். உங்கள் ஊரில் பிளேன்டீக்கு என்ன சேர்ப்பார்கள், உம்மம்மா காலத்தில் என்ன சேர்த்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். நம் ஊர்களின் இந்த ருசிகளை யாரும் இன்னும் ஒழுங்காகப் பதிந்து வைக்கவில்லை. நாமாவது தொடங்குவோம்.