சிவப்பு மையும் மறுவாசிப்பும்: அமெரிக்கக் கல்லூரிகளில் முதலாண்டுக் கட்டுரைப் பாடத்தின் வரலாறு

அமெரிக்கக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றில், எந்தத் துறையைத் தேர்ந்தெடுத்த மாணவரும் முதலாண்டில் கட்டுரை எழுதும் பாடம் ஒன்றைப் படித்தாக வேண்டும். பொறியியல் படிக்க வந்தவருக்கும் இசை படிக்க வந்தவருக்கும் இது பொது. ஒரு நூலை ஊன்றி வாசித்து, அதன் வாதத்தைப் பிரித்தறிந்து, தம் நிலைப்பாட்டைச் சான்றுடன் எழுதப் பழக்குவதே இன்று இப்பாடத்தின் நோக்கமாகச் சொல்லப்படுகிறது. 1870களிலும் 1880களிலும் இது உருவெடுத்தபோது நோக்கம் வேறாக இருந்தது. மாணவர் தாளில் உள்ள பிழைகளைக் களைவதே அன்றைய வேலை. ஆய்ந்து வாசித்தல் இப்பாடத்தின் நடுவிடத்துக்கு வந்து சேர ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. அந்தத் தாமதத்துக்குக் கல்விக் கொள்கைகளைக் காட்டிலும் ஆசிரியரின் மேசையில் குவிந்த தாள்களின் எண்ணிக்கை பெரிய காரணமாக இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டுரைக்கென்று தனிப்பாடம் இல்லை. ரெட்டரிக் எனப்பட்ட சொல்வன்மைக் கலையின் ஒரு கிளையாகவே எழுத்து கற்பிக்கப்பட்டது. பாஸ்டன் வணிகர் நிக்கலஸ் பாய்ல்ஸ்டன் விட்டுச்சென்ற கொடையால் ஹார்வர்டில் இதற்கென ஓர் இருக்கை நிறுவப்பட்டது. 1806இல் அதில் முதலில் அமர்ந்தவர் பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜான் குவின்ஸி ஆடம்ஸ். 1819 முதல் 1851 வரை அந்த இருக்கையில் இருந்த எட்வர்டு சானிங்கிடம் எமர்சனும் தோரோவும் பயின்றனர். ஸ்காட்லாந்து அறிஞர் ஹ்யூ பிளேரின் 1783ஆம் ஆண்டு விரிவுரைகள் பல கல்லூரிகளுக்குப் பாடநூலாயின. மாணவர் எழுதியதில் பெரும்பகுதி அவையில் நின்று பேசுவதற்காக எழுதப்பட்டது. கேட்போர் எதிரே இருந்தனர். சொன்னது எடுபட்டதா இல்லையா என்பது அங்கேயே தெரிந்துவிடும். பின்னர் வந்த கட்டுரை வகுப்பு இழந்த பெரும்பேறு இந்த அவையே. தாளை வாசிப்பவர் ஓர் ஆசிரியர் மட்டுமே என்றான பிறகு, எழுதுவதன் பொருளும் சுருங்கியது.

மாற்றத்துக்குத் தூண்டுதல் பல திசைகளிலிருந்து வந்தது. 1862ஆம் ஆண்டின் மோரில் சட்டம் வேளாண்மைக்கும் தொழில்நுட்பத்துக்குமான கல்லூரிகளுக்கு அரசு நிலம் வழங்கியது. கிரேக்கமும் இலத்தீனும் படித்த குடும்பங்களுக்கு அப்பாலிருந்து மாணவர் வரத் தொடங்கினர். 1869இல் ஹார்வர்டின் தலைவரான சார்லஸ் எலியட், பழைய கட்டாயப் பாடங்களை ஒவ்வொன்றாக விலக்கி விருப்பப் பாட முறையை வளர்த்தார். பழைய செம்மொழிகளின் இடத்தில் ஆங்கிலம் அமர வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்காக அவர் அழைத்துவந்த ஆடம்ஸ் ஷெர்மன் ஹில் அதுவரை பத்திரிகையாளராக இருந்தவர். பிழையான தாளைத் திருத்தி அச்சுக்கு அனுப்பிப் பழகிய கை அவருடையது. அந்தப் பழக்கம் ஒரு தலைமுறையின் கற்பித்தல் முறையாகவே மாறியது.

1874இல் ஹார்வர்டின் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரை சேர்க்கப்பட்டது. முன்கூட்டி அறிவிக்கப்பட்ட சில நூல்களிலிருந்து தலைப்பு தரப்படும். அவ்வாண்டுப் பட்டியலில் ஷேக்ஸ்பியரின் மூன்று நாடகங்களும், கோல்ட்ஸ்மித்தின் ‘வேக்ஃபீல்டு பாதிரியார்’ நாவலும், வால்டர் ஸ்காட்டின் இரு படைப்புகளும் இருந்தன. மதிப்பிடப்பட்டதோ எழுத்துக்கூட்டல், நிறுத்தக்குறி, இலக்கணம், நடை ஆகியவை. வாசிப்பும் எழுத்தும் அந்தத் தேர்வில் ஒரே தாளில்தான் இருந்தன. ஆனால் வாசிப்பு தலைப்புக்குச் சரக்கு தருவதோடு நின்றது. நாடகத்தை மாணவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்று எவரும் கேட்கவில்லை. எழுதியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தேறவில்லை என்று இத்துறையின் வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். இந்தத் தோல்விக்கான மருந்தாக, முன்பு இரண்டாமாண்டில் இருந்த பாடம் 1885இல் முதலாண்டுக்கு நகர்த்தப்பட்டு ‘இங்கிலீஷ் ஏ’ என்ற பெயர் பெற்றது. 1897 வாக்கில் ஹார்வர்டில் எஞ்சிய ஒரே கட்டாயப் பாடம் இதுதான். பிற கல்லூரிகள் ஹார்வர்டைப் பின்பற்றின.

பல்கலைக்கழகம் அமைத்த குழு ஒன்று 1892 முதல் வெளியிட்ட அறிக்கைகள் இந்தப் போக்கை உறுதிப்படுத்தின. குழுவினர் மூவரில் சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ் ரயில்வே நிறுவனத் தலைவராக இருந்தவர். காட்கின் பத்திரிகை ஆசிரியர். கட்டுரை வகுப்பு நடத்தியவர் எவரும் குழுவில் இல்லை. மாணவர் தாள்களை அச்சிட்டுக் காட்டிய அவர்கள், பழியைப் பள்ளிகள்மீது சுமத்தினர். எழுத்துப் பயிற்சி பள்ளியிலேயே முடிந்திருக்க வேண்டிய அடிப்படை வேலை என்றனர். பதினெட்டு வயதில் ஒருவர் முதன்முறையாகச் சந்திக்கும் சிந்தனைச் சிக்கல்கள் பள்ளியில் எப்படித் தீர்ந்திருக்கும் என்ற கேள்வி அவர்களுக்கு எழவில்லை. கல்லூரியில் கட்டுரைப் பாடம் என்றாலே பள்ளியின் பாக்கியைத் தீர்ப்பது என்ற எண்ணம் அங்கிருந்துதான் வேரூன்றியது. இப்பாடத்தின் வரலாற்றில் மிகுந்த கேடு விளைத்த எண்ணம் அதுவே.

பாடநூல்கள் அதற்கேற்ற வடிவம் எடுத்தன. பத்திக்கு ஒரு மையக் கருத்து வேண்டும் என்பதை விதியாக வகுத்தவர் ஸ்காட்லாந்தின் அலெக்சாண்டர் பெய்ன்; அவர் நூல் 1866இல் வந்தது. ஹில்லின் நூல் 1878இலும், ஒருமை, அழுத்தம், இயைபு என்ற மூன்றை நடையின் தூண்களாக நிறுத்திய பாரெட் வெண்டலின் நூல் 1891இலும் வெளியாயின. 1907இல் எட்வின் வூலி வெளியிட்ட கையேட்டில் 350 விதிகள் இருந்தன. ஆசிரியர் தாளின் ஓரத்தில் விதியின் எண்ணைக் குறித்தால் போதும். மாணவர் கையேட்டைப் புரட்டித் தாமே திருத்திக்கொள்வார். இத்தகைய ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது என்பதை அன்றைய எண்ணிக்கைகளே சொல்கின்றன. 1892இல் வெண்டல் 170 மாணவரின் அன்றாடக் குறிப்புகளையும் இருவாரக் கட்டுரைகளையும் வாசித்தார். ஆண்டுக்கு 24,000 தாள்களுக்கு மேல். மிச்சிகனில் ஃபிரெட் நியூட்டன் ஸ்காட் ஒரே ஆண்டில் 3,000க்கு மேற்பட்ட கட்டுரைகளை வாசித்ததாக எழுதினார். பெரும்பாலானவை 216 பேர் கொண்ட ஒரே வகுப்பினுடையவை. அத்தனை தாள்களுக்கு நடுவே ஒரு வாதம் எங்கே சறுக்கியது என்று பார்க்க முடியாது. காற்புள்ளி எங்கே விடுபட்டது என்பதைத்தான் பார்க்க முடியும். சிவப்பு மை வென்றது இப்படித்தான்.

இந்தப் போக்கை வலுவாக எதிர்த்தவர்களில் முதன்மையானவர் ஸ்காட். எழுத்து ஒரு சமூகச் செயல், எழுதுபவருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றும் கேட்க ஓர் ஆளும் இருக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். 1898இல் அவரிடம் முனைவர் பட்டம் பெற்ற கெர்ட்ரூடு பக், வாஸர் மகளிர் கல்லூரியில் இக்கருத்தை மேலும் வளர்த்தார். ஹார்வர்டு வகை நுழைவுத் தேர்வுகளுக்கு எதிரான மனக்குறையிலிருந்து 1911இல் சிகாகோவில் ஆங்கில ஆசிரியர்களின் தேசியப் பேரவை பிறந்தது. ஸ்காட் அதன் முதல் தலைவர். அடுத்த ஆண்டு தொடங்கிய அதன் இதழில், கான்சஸ் பல்கலைக்கழகத்தின் எட்வின் ஹாப்கின்ஸ் அன்றைய நிலைமையில் கட்டுரையை நன்றாகக் கற்பிக்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்று உடனே விடையும் சொன்னார். ஆசிரியரின் உடலும் கண்ணும் தாங்காத சுமை இது என்பதே அவர் வாதம்.

வாசிப்பு தனியே வேறு பாதையில் நடந்தது. கட்டுரை வகுப்புகளில் கட்டுரைத் தொகுப்பு நூல்கள் பயன்பட்டன. ஆனால் அவை பின்பற்றத் தக்க நடை மாதிரிகளாகவே வைக்கப்பட்டன. வாசிப்பே ஒரு சிக்கல் என்பதை எடுத்துக்காட்டியவர் கேம்பிரிட்ஜின் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ். பதின்மூன்று கவிதைகளை ஆசிரியர் பெயரின்றி மாணவரிடம் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்ததைத் தொகுத்து 1929இல் நூலாக்கினார். நன்கு படித்த இளைஞரும் நேரடிப் பொருளைக்கூடத் தவறவிடுவதும், ஆயத்தமாக வைத்திருக்கும் உணர்ச்சிகளைக் கவிதையின்மேல் ஏற்றுவதும் அதில் வெளிப்பட்டன. 1938இல் கிளியான்த் புரூக்ஸும் ராபர்ட் பென் வாரனும் வெளியிட்ட கவிதைப் பாடநூல் நெருங்கி வாசிக்கும் முறையை அமெரிக்க வகுப்பறைகளில் பரப்பியது. ஆயினும் இலக்கியப் பனுவலுக்குக் கிடைத்த அந்த நுண்ணிய கவனத்தில் சிறு பங்குகூட மாணவர் எழுதிய தாளுக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வகுப்புகள் நிரம்பி வழிந்தன. படைவீரரின் கல்விக்கு உதவிய 1944ஆம் ஆண்டுச் சட்டத்தால் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட முன்னாள் படைவீரர் கல்லூரிக்குள் வந்தனர். 1949இல் கல்லூரிக் கட்டுரை ஆசிரியர்களுக்கெனத் தனி மாநாட்டு அமைப்பு தோன்றியது. 1963இல் ரிச்சர்டு பிராடாக்கும் உடன் ஆய்வாளரும் அதுவரை நடந்த ஆய்வுகளைச் சலித்துப் பார்த்து, தனியே கற்பிக்கப்படும் இலக்கணம் எழுத்தை மேம்படுத்தவில்லை, சில வேளை கெடுக்கவும் செய்கிறது என்று முடிவு கூறினர். 1971இல் ஜேனட் எமிக் எட்டுப் பள்ளி மாணவரை எழுதும்போதே கவனித்தார். முடிந்த தாளைவிட்டு எழுதும் செயலுக்கு ஆய்வாளரின் பார்வை திரும்பியது.

திருப்புமுனை நியூயார்க்கில் நேர்ந்தது. 1970இல் அந்நகரப் பல்கலைக்கழகம், நகரின் உயர்நிலைப் பள்ளியில் தேறிய எவருக்கும் இடம் உண்டு என அறிவித்தது. கறுப்பினத்தவர், போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்தவர், புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள் என வீட்டில் முதல் பட்டதாரி ஆகப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் வந்தனர். அவர்களின் தாள்களைக் கண்ட ஆசிரியர் பலர், இவர்களுக்குக் கல்லூரிக் கல்வி எட்டாது என்று கைவிடத் துணிந்தனர். அப்பல்கலைக்கழகத்தின் சிட்டி காலேஜில் பணியாற்றிய மினா ஷாநெசி வேறொன்று செய்தார். சேர்க்கைக் காலத்தில் எழுதப்பட்ட சுமார் 4,000 கட்டுரைகளை எடுத்து, ஒரு கவிதையைப் படிக்கும் பொறுமையோடு வாசித்தார். 1977இல் வந்த அவர் நூல், பிழைகளுக்குள் ஒழுங்கு இருப்பதைக் காட்டியது. ஓரிடத்தில் வினைமுற்றுப் பிழை செய்பவர் அடுத்த இடத்திலும் அதே வகையில் செய்கிறார். ஏனெனில் அவர் தாமே உய்த்துணர்ந்த ஒரு விதியைப் பின்பற்றுகிறார். தொடர் நடுவில் சிதைவது சோம்பலாலன்று. பழகாத எழுத்து வழக்கில் சிக்கலான எண்ணம் ஒன்றைச் சொல்ல முயல்வதால். தவறிவிடுவோமோ என்ற அச்சமே அவர்களைச் சில எளிய தொடர்களுக்குள் முடக்குகிறது. மாணவரின் தாளும் ஆய்ந்து வாசிக்கத் தக்க பனுவல் என்பதை இவ்வளவு தெளிவாக நிறுவிய நூல் அதற்கு முன் இல்லை. நகரத்தின் நிதி நெருக்கடியால் 1976இல் அப்பல்கலைக்கழகத்தின் இலவசக் கல்வி முடிவுற்றது. ஷாநெசி 1978இல் புற்றுநோயால் இறந்தார்.

அவர் விட்ட இடத்திலிருந்து வாசிப்பையும் எழுத்தையும் பிணைத்தவர்கள் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தினர். பின்தங்கியவர் எனப்பட்ட மாணவருக்கு அதுவரை பயிற்சித் தாள்களும் ஒற்றைப் பத்திகளுமே தரப்பட்டன. டேவிட் பார்த்தலமேயும் அந்தனி பெட்ரோஸ்கியும் அதைத் தலைகீழாக்கி, முழு நூல்களைக் கொடுத்தனர். வளரிளம் பருவம் பற்றி மாணவர் தம் அனுபவத்தை எழுதினர், நூல்களை வாசித்தனர், முதலில் எழுதியதை அந்த வாசிப்பின் வெளிச்சத்தில் திருப்பி எழுதினர். ஒருவரின் கட்டுரை அடுத்த வகுப்பில் எல்லோருக்கும் பாடமாயிற்று. இழந்த அவை இவ்வகையில் ஓரளவு திரும்பியது. கல்லூரி மொழியைப் பேசும் உரிமை தமக்கு உண்டு என்று எண்ணிக்கொண்டே மாணவர் அதைக் கற்க வேண்டியிருக்கிறது என்பதைப் பார்த்தலமே 1985இல் எழுதிய கட்டுரை விளக்கியது.

இந்தக் காலத்தில் உருவான வகுப்பறை முறைகள் எளியவை, செலவும் அற்றவை. ஆன் பெர்த்தாஃப் இருபக்கக் குறிப்பேட்டைப் பரிந்துரைத்தார்: ஒரு பக்கம் நூல் சொல்வது, எதிர்ப்பக்கம் அதைப் பற்றி வாசகர் நினைப்பது. பீட்டர் எல்போ, ஒரு வாதத்தை ஐயுறுவதற்கு முன் அதை முழுமையாக நம்பிப் பார்க்கும் பயிற்சியைச் சேர்க்கச் சொன்னார். பிட்ஸ்பர்க்கின் மரியோலினா சால்வதோரி, நூலில் தமக்குப் புரியாத இடம் எது, ஏன் புரியவில்லை என்று வகுப்புக்கு முன்பே எழுதிவரச் செய்தார். இவற்றுள் சால்வதோரியின் முறை தனிச்சிறப்புடையது. புரியாமை வெட்கப்பட வேண்டியது என்ற நிலை மாறி, வாசிப்பு தொடங்கும் இடமாகிறது. இருபது பேர் சுட்டிய இடர்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால், நூலின் கடினமான முடிச்சுகள் தாமே தெரிந்துவிடும். ஜெரால்டு கிராஃபும் கேத்தி பர்கன்ஸ்டைனும் 2006இல் பிறர் கூற்றை எடுத்துரைத்து மறுமொழி தருவதற்கான தொடர் வடிவங்களைத் தொகுத்தனர். அது பெரும் வரவேற்பைப் பெற்றது. வார்ப்பில் அடைக்கும் அபாயம் உண்டென்ற கண்டனமும் எழுந்தது. வேறெவரும் சொல்லித் தராத கல்லூரி வழக்கை அது வெளிப்படையாகச் சொல்லித் தந்தது என்பதால், தொடக்கநிலையில் அதன் பயனை மறுப்பதற்கில்லை.

ஆயினும் வாசிப்பு முழுதும் வேரூன்றிவிடவில்லை. ரெபெக்கா மூர் ஹோவர்டும் சாண்ட்ரா ஜேமீசனும் வழிநடத்திய மேற்கோள் ஆய்வுத் திட்டம் 16 கல்லூரிகளிலிருந்து 174 மாணவர் கட்டுரைகளை எடுத்து, அவற்றிலிருந்த 1,911 மேற்கோள்களை மூலத்துடன் ஒப்பிட்டது. 46 விழுக்காடு மூலத்தின் முதல் பக்கத்திலிருந்தே எடுக்கப்பட்டிருந்தன. ஒரு நூற்பகுதியின் சாரத்தைத் தம் சொல்லில் சுருக்கிய இடங்கள் மிகச் சிலவே. மாணவர் தொடர்களை எடுத்தாள்கின்றனர், வாதத்தைப் பின்தொடர்வதில்லை. இதைத் திருட்டு என்று தண்டிப்பதைவிட, வாசிக்கக் கற்பிக்காததன் விளைவு என்று கொள்வதே சரி.

கற்பிக்க நேரம் வேண்டும். முதலாண்டு வகுப்புகளைப் பெரும்பாலும் நடத்துவோர் பகுதிநேர ஆசிரியரும் முனைவர் பட்ட மாணவரும்; அவர்களுள் பலர் பல வகுப்புகளை, சிலர் பல கல்லூரிகளை ஒரே பருவத்தில் சுமக்கின்றனர். கட்டுரை ஆசிரியர் மாநாட்டமைப்பு 1989இல் வெளியிட்ட நெறிமுறை, வகுப்பு ஒன்றில் இருபது பேருக்கு மேல் கூடாது, பதினைந்தே பொருத்தம், ஓர் ஆசிரியருக்குப் பருவத்துக்கு அறுபது மாணவரே உச்ச வரம்பு என்று வரையறுத்தது. ஹாப்கின்ஸ் கேள்வி கேட்டு அப்போது எழுபத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. பல கல்லூரிகளில் அந்த வரம்பு இன்றும் மீறப்படுகிறது.