ரோஸ் எங்கே போனாள்?

என் தொடர்கதை ஒன்றில் கதாநாயகி வீணையை உறைக்குள் போட்டு மூடி வைத்துவிடுகிறாள். கணவனுக்குச் சங்கீதம் பிடிக்காது, அதுதான் காரணம். "எனக்கும் அதில் அப்படியொன்றும் ஆசை இல்லை" என்று முகம் கோணாமல் சொல்லிச் சிரிக்கவும் செய்கிறாள். அந்த அத்தியாயம் வெளிவந்த வாரமே ஒரு வாசகியிடமிருந்து கடிதம் வந்தது. "இது அன்பா, நடிப்பா? ஒரு பெண் எத்தனை நாள் வேறொருத்தியாக இருக்க முடியும்? கதையில் எழுதலாம், உலகத்தில் நடக்காது" என்று எழுதியிருந்தார்.

நடக்காது என்றாரே, அதுதான் என்னை யோசிக்க வைத்தது. கதையில் நாம் எழுதத் தயங்குவதைச் சரித்திரம் கொஞ்சமும் கூசாமல் எழுதிவிடுகிறது. பதினெட்டு ஆண்டுகள் அப்படி இருந்த ஒருத்தியை எனக்குத் தெரியும். அவள் சாதாரணப் பெண்ணும் அல்ல, ஒரு சக்கரவர்த்தினி.

1796-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 9-ந் தேதி இரவு. பாரிஸ் நகரத்தில் ஒரு வட்டார அலுவலகம். மணப்பெண் வந்து காத்திருக்கிறாள், மாப்பிள்ளையைக் காணோம். எட்டு மணிக்கு வரவேண்டியவன் பத்து மணிக்கு அவசர அவசரமாக வந்து சேர்கிறான். மாதா கோயில் மணி இல்லை, பாதிரியார் இல்லை; பதிவேட்டில் கையெழுத்து மட்டுந்தான்.

அந்தப் பதிவேட்டைக் கொஞ்சம் பாருங்கள். மாப்பிள்ளைக்கு வயது 28. பெண்ணுக்கும் வயது 28. எவ்வளவு நல்ல பொருத்தம்! ஆனால் இரண்டுமே பொய். மாப்பிள்ளை நெப்போலியன் பிறந்தது 1769-ம் ஆண்டு ஆகஸ்டு 15. அன்றைக்கு அவனுக்கு வயது 26 தான். பெண் பிறந்தது 1763-ம் ஆண்டு ஜூன் 23. அவளுக்கு 32 முடிந்திருந்தது. அவன் ஒன்றரை வயதைக் கூட்டிக்கொண்டான். அவள் முழுசாக நாலு வயதைக் குறைத்துக்கொண்டாள். வயதில் ஒன்றிரண்டைத் தள்ளி ஜாதகம் எழுதும் நம் பக்கத்துப் பெரியவர்கள்கூட, நாலு என்றால் சற்று யோசிப்பார்கள்.

பிறந்த தேதிக்குச் சான்று கேட்க மாட்டார்களா? கேட்டாலும் எங்கிருந்து கொண்டுவருவது? அவள் பிறந்த மார்ட்டினிக் தீவும், அவன் பிறந்த கார்ஸிகா தீவும் அப்போது இங்கிலீஷ்காரர் கையில் இருந்தன. யுத்தம் பொய்க்குத் துணை செய்தது.

வயது மட்டுமா மாறியது? பெயரும் மாறியது. மரீ ஜோஸெஃப் ரோஸ் என்பது அவளுடைய முழுப் பெயர். பிறந்த வீட்டிலும், முதல் கணவன் வீட்டிலும், சிநேகிதர்களிடையிலும் அவள் ரோஸ்தான். நெப்போலியனுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. பிறர் நாவில் பழகிய பெயர் தனக்கு வேண்டாம் என்று நினைத்தானோ என்னவோ! நடுவில் கிடந்த ஜோஸெஃப் என்ற சொல்லை எடுத்து, பெண்பாலாக்கி, 'ஜோஸபைன்' என்று அழைத்தான். முப்பத்திரண்டு ஆண்டு ரோஸாக வாழ்ந்தவள் அன்றுமுதல் ஜோஸபைன் ஆனாள்.

அவள் ஏன் சம்மதித்தாள்? ஆசை என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அவளுடைய முதல் கணவன் அலெக்ஸாந்தர் 1794-ம் ஆண்டு ஜூலை 23-ந் தேதி கில்லட்டினில் தலையிழந்தான். அவளும் அப்போது சிறையில் இருந்தாள். நாலே நாள் கழித்து ரோபெஸ்பியர் வீழ்ந்ததால் அவள் தலை தப்பியது. வெளியே வந்தபோது கையில் இரண்டு குழந்தைகள்: யூஜீனும் ஹார்டென்ஸும். வருமானம் சொற்பம், கடனோ ஏராளம். விதவையாகிய ரோஸுக்குப் பாரிஸில் எதிர்காலம் இல்லை. ஜோஸபைனுக்கு இருந்தது. பசியும் பயமும் அறிந்தவள் இந்தக் கணக்கைப் போடாமல் இருப்பாளா?

போட்ட வேஷத்தை அவள் நன்றாகவே போட்டாள். அவளுடைய பற்கள் கெட்டுப் போயிருந்தன. ஆகையால் உதடு பிரியாமல் புன்னகை செய்யக் கற்றுக்கொண்டாள். அந்தப் புன்னகையைப் பாரிஸே புகழ்ந்தது! ஆனால் மனிதர் நடிப்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. நெப்போலியனுக்கு வாரிசு வேண்டும். பிளாம்பியேர் என்ற ஊரின் ஊற்று நீரில் குளித்தால் குழந்தை பிறக்கும் என்றார்கள். அவள் பலமுறை போய்க் குளித்தாள். காகிதத்தில் எழுதிய வயதை ஊர் நம்பலாம்; உடம்பு நம்புமா?

தனக்கு இரண்டு குழந்தைகள் உண்டே, ஆகவே குறை தன்னிடம் இல்லை என்பதுதான் அவளுடைய ஒரே ஆறுதல். 1804-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி நாட்டர்டாம் கோயிலில் அவளுக்கு முடிசூட்டியபோதும் அந்த ஆறுதல் நிலைத்திருந்தது. 1806 டிசம்பரில் வேறொரு பெண்ணிடம் நெப்போலியனுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அன்றோடு அதுவும் போயிற்று.

1809-ம் ஆண்டு டிசம்பர் 15-ந் தேதி இரவு, ட்யூலரீஸ் அரண்மனை. நெப்போலியனின் குடும்பத்தார் கூடியிருக்கிறார்கள். விவாகரத்துக்குத் தான் சம்மதிப்பதாக எழுதிய தாளை ஜோஸபைன் படிக்க ஆரம்பித்தாள். நடுவில் தொண்டை அடைத்துவிட்டது. மீதியை வேறொருவர் வாங்கிப் படித்து முடித்தார். பதிவேட்டின்படி அப்போது அவளுக்கு வயது 42. உண்மையில் 46.

இந்த இடத்தில்தான் எனக்கு மனம் ஆறவில்லை. ஒரே பக்கத்தில் இரண்டு பேர் பொய் எழுதினார்கள். நெப்போலியன் வயதை மட்டும் மாற்றவில்லை. 'புவோனபார்ட்டே' என்ற இத்தாலியக் குடும்பப் பெயரையும் அதே மாதத்தில் 'போனபார்ட்' என்று பிரெஞ்சாக்கிக் கொண்டான். அவன் மாறியது ஊரை ஆள்வதற்கு. அவள் மாறியது அவன் ஒருவனுக்காக. அவனுடைய பொய்க்கு யாரும் வட்டி கேட்கவில்லை. அவளோ வட்டியும் முதலுமாகக் கட்டினாள்.

விவாகரத்துக்குப் பிறகாவது அவள் ரோஸாகத் திரும்பினாளா? இல்லை. சக்கரவர்த்தினி என்ற பட்டத்தை நெப்போலியன் பறிக்கவில்லை. பணமும் தாராளமாகவே கொடுத்தான். மால்மெஸோன் மாளிகையில் அவனுடைய அறையை அவன் விட்டுப்போனபடியே வைத்திருந்தாள். தோட்டத்தில் தேசதேசத்து ரோஜாச் செடிகளை வளர்த்தாள். செடிகளுக்குத்தான் ரோஸ் என்ற பெயர், கையெழுத்து ஜோஸபைன்தான். அடுத்த மாளிகைக்குப் போகலாம், அடுத்த ஊருக்குப் போகலாம். பதினான்கு வருஷத்துக்கு முன் கழற்றி வைத்த பெயருக்குள் எப்படிப் போவது?

1814-ம் ஆண்டு மே மாதம் 29-ந் தேதி அவள் இறந்தாள். நெப்போலியன் அப்போது எல்பா தீவில் இருந்தான். பக்கத்திலுள்ள ருயேல் கிராமத்துக் கோயிலில் அவளை அடக்கம் செய்தார்கள். 1825-ம் ஆண்டில் யூஜீன், ஹார்டென்ஸ் இருவர் பெயராலும் அங்கே ஒரு நினைவுச் சின்னம் எழுந்தது. அம்மாவை ரோஸாக அறிந்தவர்கள் அந்த இரண்டு குழந்தைகள்தாம். ஆனால் கல்லில் செதுக்கிய பெயர் ஜோஸபைன்.

வாசகி அம்மாளுக்கு இதுதான் என் பதில்: நடக்கும் அம்மா, கல்லறை வரையிலும் நடக்கும். அன்பா, நடிப்பா என்று கேட்டீர்கள். அன்புக்காகத் தொடங்கிய நடிப்பு, தேவைக்காகத் தொடங்கிய நடிப்பு என்றெல்லாம் உண்டு. பல வருஷம் கழித்து நடித்தவளுக்கே எது எதுவென்று தெரியாமல் போகிறது. அதனால்தான், ஒருவருக்காக நாம் எதை விட்டுக் கொடுத்தாலும், "எனக்கும் அதில் ஆசை இல்லை" என்று மட்டும் சொல்லாமல் இருப்பது நல்லது. "ஆசை இருக்கிறது, உங்களுக்காக விடுகிறேன்" என்று சொல்லிவிட்டால், விட்டவளும் இருப்பாள், விட்ட பொருளும் இருக்கும்.

என் தொடர்கதை இன்னும் முடியவில்லை. அடுத்த அத்தியாயத்தில் அந்தப் பெண்ணை இந்த ஒரு வாக்கியமாவது சொல்ல வைக்கவேண்டும் என்றிருக்கிறேன்.