மாணவர் ஒழுங்கு விசாரணையும் டிக்சன் வழக்கும்

ஒரு மாணவர் மீது குற்றம் சாட்டப்பட்டால், அவரைத் தண்டிக்கும் முன் அவருடைய விளக்கத்தைப் பல்கலைக்கழகம் கேட்க வேண்டும் என்பது இன்று இயல்பான நடைமுறையாகத் தோன்றுகிறது. அமெரிக்காவின் அரசு பல்கலைக்கழகங்களில் இந்நடைமுறைக்கு உறுதியான சட்ட அடித்தளம் 1961ஆம் ஆண்டில்தான் அமைந்தது. அதற்குக் காரணமானது, அலபாமா மாநிலக் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட கறுப்பின மாணவர்கள் தொடுத்த டிக்சன் வழக்கு ஆகும்.

பெற்றோர் நிலையில் கல்லூரி

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க நீதிமன்றங்கள், கல்லூரியை மாணவர்களின் பெற்றோர் நிலையில் வைத்துப் பார்த்தன. பிள்ளையைக் கண்டிக்கும் தந்தை எவருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கல்லூரியும் அவ்வாறே என்று கருதப்பட்டது. வெளியிலுள்ள உணவகங்களுக்கு மாணவர்கள் செல்லக் கூடாது என்று பெரியா கல்லூரி விதித்த தடை செல்லும் என 1913இல் கென்டக்கி மாநில நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிராக்யூஸ் பல்கலைக்கழகம் ஒரு மாணவியை நீக்கியபோது, அவர் அப்பல்கலைக்கழகத்திற்கு ஏற்ற இயல்புடைய பெண் அல்லர் என்பதற்கு மேல் தெளிவான காரணம் எதையும் கூறவில்லை. 1928இல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் ஏற்றுக்கொண்டது.

1957இல் சட்டப் பேராசிரியர் வாரன் சீவி இந்நிலையைக் கண்டித்து ஹார்வர்டு சட்ட இதழில் எழுதினார். ஜேப்படித் திருடனுக்குக் கிடைக்கும் பாதுகாப்புகூட மாணவருக்குக் கிடைக்கவில்லை என்பது அவரது வாதம்.

மான்ட்கோமரி நிகழ்வு

1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டும் உணவு பரிமாறப்பட்ட மேடையில் அமர்ந்து அறவழிப் போராட்டம் தொடங்கினர். அது தென் மாநிலங்கள் பலவற்றுக்கும் விரைவில் பரவியது.

பிப்ரவரி 25 அன்று அலபாமா மாநிலக் கல்லூரியைச் சேர்ந்த 29 மாணவர்கள், மான்ட்கோமரி மாவட்ட நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த சிற்றுண்டிச்சாலைக்குச் சென்று உணவு கேட்டனர். அது பொதுப் பணத்தில் இயங்கிய இடம். அவர்களுக்கு உணவு மறுக்கப்பட்டு, சிற்றுண்டிச்சாலையும் மூடப்பட்டது. அடுத்த சில நாட்களில் நூற்றுக்கணக்கான மாணவர்கள் ஊர்வலங்களில் கலந்துகொண்டனர்.

ஆளுநர் ஜான் பேட்டர்சன் மாநிலக் கல்வி வாரியத்தின் தலைவராகவும் இருந்தார். மாணவர்களை நீக்குவது பற்றி ஆலோசிக்குமாறு கல்லூரித் தலைவர் கவுன்சில் டிரென்ஹோமிடம் அவர் கூறினார். கறுப்பின மாணவர்களுக்கான அக்கல்லூரி மாநில அரசின் நிதியை நம்பியிருந்ததால், டிரென்ஹோம் எதிர்த்து நிற்கும் நிலையில் இல்லை. மார்ச் 2 அன்று வாரியம் கூடி, ஒன்பது மாணவர்களை நீக்கவும் இருபது பேரை நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கவும் முடிவு செய்தது. மாணவர்கள் எவரும் விசாரணைக்கு அழைக்கப்படவில்லை. நீக்கக் கடிதத்திலும் குற்றம் இன்னதென்று தெளிவாகக் குறிப்பிடப்படவில்லை. பின்னர் நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்த வாரிய உறுப்பினர்கள், நீக்கத்திற்கு வெவ்வேறு காரணங்களைக் கூறினர்.

வழக்கும் தீர்ப்பும்

நீக்கப்பட்டவர்களில் சிலர் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். முதலாவதாக இடம்பெற்ற செயின்ட் ஜான் டிக்சன் என்ற மாணவரின் பெயரே வழக்கின் பெயராயிற்று. மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பில் வாதாடிய பிரெட் கிரே, பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான தர்குட் மார்ஷல் உள்ளிட்டோர் மாணவர்களின் வழக்கறிஞர்கள். 1960 ஆகஸ்டில் மாவட்ட நீதிபதி பிராங்க் ஜான்சன், கல்லூரிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார்.

1961 ஆகஸ்ட் 4 அன்று ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ரிச்சர்ட் ரைவ்ஸ். 1956இல் மான்ட்கோமரி பேருந்துகளில் நிறப் பாகுபாடு செல்லாது என்று ரைவ்சும் ஜான்சனும் இணைந்தே தீர்ப்பளித்திருந்தனர். மாணவர் வழக்கில் இருவரும் வேறுபட்டனர். நீதிபதி பென் கேமரன் மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்.

கல்வி இன்றி ஒருவர் நல்ல வாழ்க்கை நடத்துவது கடினம் என்பதை நீதிமன்றம் கருத்தில் கொண்டது. எனவே, ஒழுங்கீனத்திற்காக ஓர் அரசுக் கல்லூரி மாணவரை நீக்கும் முன் அறிவிப்பும் விசாரணையும் தேவை என்றது. அதற்கான வழிமுறைகளையும் வகுத்துக் கொடுத்தது:

1. குற்றச்சாட்டையும் அதற்கான அடிப்படையையும் தெளிவாகக் கூறும் அறிவிப்பு தரப்பட வேண்டும்.
2. சாட்சிகளின் பெயர்களும் அவர்கள் கூறும் செய்திகளும் மாணவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும்.
3. மாணவர் தம் தரப்பை எடுத்துரைக்கவும், தமக்கான சாட்சியத்தை நேரிலோ எழுத்திலோ அளிக்கவும் வாய்ப்பு வேண்டும்.
4. முடிவும் அதற்கான காரணங்களும் அடங்கிய அறிக்கையை மாணவர் பார்வையிட இயல வேண்டும்.

முழு நீதிமன்ற விசாரணை தேவையில்லை என்பதையும் தீர்ப்பு தெளிவாக்கியது. சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் முழு உரிமையை அது வழங்கவில்லை. கல்விச் சூழல் கெடாமலும் மாணவருக்கு அநீதி நேராமலும் இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். தீர்ப்பை எதிர்த்த மேல்முறையீட்டை ஏற்க அமெரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

பின்விளைவுகள்

டிக்சன் தீர்ப்பைப் பிற நீதிமன்றங்களும் பின்பற்றின. 1975இல் ஓஹாயோ மாநிலப் பள்ளி மாணவர்கள் தொடுத்த காஸ் வழக்கில், பத்து நாள் வரையிலான இடைநீக்கத்திற்கும் அறிவிப்பும் விளக்கம் அளிக்கும் வாய்ப்பும் தேவை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 1978இல் ஹோரோவிட்ஸ் வழக்கில் ஓர் எல்லையும் வரையப்பட்டது. ஒருவர் படிப்பில் தேர்ச்சி குறைந்ததால் நீக்கப்படுவது ஆசிரியர்களின் மதிப்பீடு சார்ந்தது என்பதால், அதற்கு இத்தகைய விசாரணை கட்டாயமில்லை.

அரசியலமைப்பின் இந்தப் பாதுகாப்பு தனியார் பல்கலைக்கழகங்களை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆயினும் தம் கையேட்டில் வாக்களித்த நடைமுறையை அவை மீறினால், ஒப்பந்தத்தை மீறியதாக மாணவர் வழக்குத் தொடுக்க இயலும்.

இன்றைய நடைமுறை

இன்று பெரும்பாலான அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில், புகார் வந்ததும் மாணவருக்கு எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்பப்படும். மாணவர் நலத்துறை அலுவலர் அவரைச் சந்தித்துப் பேசுவார். குற்றச்சாட்டை மாணவர் மறுத்தால் வழக்கு ஒரு குழுவின் முன் செல்லும். ஆசிரியர்களும் பணியாளர்களும் மட்டுமன்றி மாணவர்களும் அக்குழுவில் இடம்பெறுவதுண்டு. குற்றவியல் நீதிமன்றத்தைப் போல ஐயத்திற்கு இடமின்றி நிறுவ வேண்டியதில்லை. நடந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தால் போதும் என்பது பல இடங்களில் உள்ள அளவுகோல். எச்சரிக்கை, நன்னடத்தைக் கண்காணிப்பு, இடைநீக்கம், நீக்கம் என்று தண்டனைகள் படிப்படியாக அமையும். மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு.

இவ்வுரிமையை வென்றெடுத்த மாணவர்கள் அதற்காக நீண்ட காலம் காத்திருக்க நேர்ந்தது. நீக்கப்பட்ட நாளிலிருந்து தீர்ப்பு வரும்வரை ஏறத்தாழ பதினேழு மாதங்கள் கடந்தன. அவர்களது கல்விப் பதிவேட்டில் இருந்த நீக்கக் குறிப்பு 2018இல்தான் அலபாமா மாநிலக் கல்வித் துறையால் அழிக்கப்பட்டது. அதற்குள் ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கடந்திருந்தன.