பெயரும் முத்திரையும்: ‘புல்டாக்’ ரிவால்வர்களை இனங்காணலும் மதிப்பிடலும்

1872ஆம் ஆண்டு பர்மிங்காமின் வெப்லி நிறுவனம் ‘பிரிட்டிஷ் புல்டாக்’ என்னும் குறுங்குழல் ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. பெல்ஜியத்தின் லியேஜ் நகரப் பட்டறைகளும் அமெரிக்க நிறுவனங்களும் அதனைப் போன்ற துப்பாக்கிகளைப் பெருமளவில் செய்து விற்றன. எனவே, இன்று குறைந்த விலைக்குக் கிடைக்கும் பழந்துப்பாக்கியில் ‘புல்டாக்’ என்னும் பெயர் இருப்பது கொண்டு அதனை வெப்லியின் படைப்பாகக் கொள்ளுதல் பொருந்தாது.

பெயரினும் வலிய சான்று சோதனை முத்திரையாகும். லியேஜ் சோதனைச்சாலை நீள்வட்டத்தினுள் ‘இ.எல்.ஜி.’ எழுத்துகளைப் பொறித்தது. 1893இல் அதன்மேல் முடி சேர்க்கப்பட்டது. ஆகவே, தெளிவாக உள்ள முடியற்ற முத்திரை அம்மாற்றத்திற்கு முந்தைய காலத்தைச் சுட்டும். தேய்ந்த முத்திரையில் முடி தென்படாமை சான்றாகாது. மேலும், முத்திரை சோதித்த இடத்தைக் காட்டுமேயன்றிச் செய்த இடத்தை அன்று. அயல்நாட்டுத் துப்பாக்கிகள் இங்கிலாந்திலும் சோதிக்கப்பட்டன.

சந்தையில் வெப்லியின் படைப்பு உயர்விலை பெறுகிறது. பெயரறியாப் பட்டறைகளின் படைப்புகள் மலிவாகவே விற்கின்றன. எனினும், மலிவுப் படைக்கலம் எளியோர் கைக்கும் எட்டிய வரலாற்றுக்கு இவையே நேரடிச் சான்றுகள். விலை உயருமென எண்ணித் துருவோடு முத்திரையையும் தேய்த்து அகற்றுவோர், விலையைக் குறைப்பதோடு அச்சான்றையும் அழிக்கின்றனர்.