அட்டன் நகரம்: வரலாறும் மரபுரிமையும்

நகரங்களின் பெருமையை அவற்றின் பழங்கட்டடங்களைக்கொண்டு அளவிடுவது வழக்கம். கோட்டையும் அரண்மனையும் எஞ்சியுள்ள ஊர்களுக்கு அவ்வளவுகோல் பொருந்தலாம். இலங்கையின் மத்திய மலைநாட்டில், தேயிலைத் தோட்டங்களின் நடுவே எழுந்த அட்டன் நகரத்துக்கு அது போதியதன்று. அட்டன் எம்மன்னனுக்கும் தலைநகராக இருந்ததில்லை. ஆயினும் மலையகத் தமிழரின் அரசியல் வரலாற்றில் அந்நகர் தனியிடம் பெறுகின்றது. தோட்டங்கள் அந்நியருக்கு அடைக்கப்பட்டிருந்த காலத்தில், தொழிலாளர் ஒன்றுகூடுதற்கு வாய்த்த பொதுநிலமாக அட்டன் விளங்கியமையே அதற்குக் காரணமாகும்.

நகரம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே இப்பகுதி மலைகள் சிவனொளிபாத யாத்திரையுடன் தொடர்புற்றிருந்தன. யாத்திரிகருக்கு உணவளித்தற்பொருட்டு முதலாம் விஜயபாகு மன்னன் கிராமங்களை மானியமாக வழங்கிய செய்தியை அம்பகமுவக் கல்வெட்டு கூறுகின்றது. எனினும், காடு அழிந்து தோட்டங்கள் பெருகியது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயாகும். முதலில் வந்தது கோப்பி. 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் அப்பயிரை இரு தசாப்தங்களுள் வீழ்த்தியது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பெற்றது.

தேயிலையைத் துறைமுகத்துக்கு எடுத்துச் செல்லும் தேவையே அட்டனை நகராக்கிற்று எனலாம். 1874இல் நாவலப்பிட்டிவரை வந்திருந்த இருப்புப்பாதை 1884இல் அட்டனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. 1888இல் தோட்டத்துரைமார் இருவர் தொடங்கிய அட்டன் வங்கி, பிற்காலத்தில் நாடளாவிய வங்கியொன்றின் பெயரில் இவ்வூர்ப் பெயரை நிலைபெறச் செய்தது. டிக்கோயாவில் 1878இல் எழுந்த வார்லி தேவாலயம் துரைமாரின் வழிபாட்டிடமாயிற்று. ஊரின் பெயரும் ஸ்கொத்லாந்திலிருந்து அவர்கள் கொணர்ந்ததே. ஆனால், புகையிரத நிலையத்தை அடுத்துள்ள, இலங்கையின் மிக நீண்ட சுரங்கவழிக்கு ஆங்கிலேயர் ‘பூல்பேங்க்’ எனப் பெயரிட, மக்களோ அதனைச் சிங்கமலைச் சுரங்கம் என்றனர். ஆவணங்களில் இடம்பெற்ற அட்டனும் மக்கள் வாழ்ந்த அட்டனும் வேறுவேறானவை என்பதற்கு இதுவொரு சான்று.

தமிழகத்திலிருந்து ‘கண்டிச்சீமை’ வந்த தொழிலாளருக்குத் தோட்டமே உலகமாயிருந்தது. லயம், பெரட்டுக்களம், மலை, தொழிற்சாலை என்னும் வட்டத்துள் அவர்தம் நாள் கழிந்தது. கங்காணியிடம் பட்ட கடன் அவர்களைப் பிணித்தது. கடன்பட்டோரைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய துண்டுமுறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. துரையின் அனுமதியின்றி வெளியார் தோட்டத்துள் நுழைவது அத்துமீறலாகக் கருதப்பட்டது. இந்நிலையில் நகரத்தின் கடைத்தெருவும் சந்தியும் பெற்ற முக்கியத்துவம் ஊகித்தற்கு அரியதன்று. அங்கு நடப்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

இவ்வுண்மையை நன்குணர்ந்தவர் தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர். கொழும்பிலே ‘தேசபக்தன்’ பத்திரிகையை நடத்திய அவர், பின்னர் அட்டனுக்கு வந்து 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். உலகப் பொருளாதார மந்தத்தால் தேயிலை விலை சரிந்து, தொழிலாளரின் கூலி குறைக்கப்பட்ட காலம் அது. அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் கூட்டங்களிற் பாடிய பாடல்கள், எழுத்தறியாத மக்களிடமும் செய்தியைக் கொண்டு சேர்த்தன. தோட்டத்துள் பேசமுடியாத பேச்சு நகரத்திற் பேசப்பட்டது; கேட்டோர் அதனை லயங்களுக்கு எடுத்துச் சென்றனர்.

டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 1931இல் அட்டன் தொகுதியிலிருந்து பெரி. சுந்தரம் போட்டியின்றி அரசாங்க சபைக்குத் தெரிவாகி, தொழில் அமைச்சரானார். 1936இல் அதே தொகுதி நடேசய்யரைத் தெரிந்தது. 1947இல் அட்டனைச் சூழ்ந்த மஸ்கெலியா, கொட்டகலை, தலவாக்கலை, நுவரெலியா ஆகிய நான்கு தொகுதிகளிலும் இலங்கை இந்தியன் காங்கிரசின் வேட்பாளர்கள் வென்றனர். மறுவருடமே இந்நிலை மாறியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டங்களும் இம்மக்களுட் பெரும்பான்மையோரின் வாக்குரிமையைப் பறித்தன. 1952இல் அத்தொகுதிகளிலிருந்து அவர்தம் பிரதிநிதி ஒருவரேனும் பாராளுமன்றம் செல்லவில்லை. வாக்களித்துப் பழகிய மக்கள் நாடற்றோராயினர் என்பதே இவ்வரலாற்றின் கொடுமையாகும்.

1964இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை அளிக்கவும் வகைசெய்தது. எஞ்சிய 150,000 பேர் பின்னர் பங்கிடப்பட்டனர். இவ்வாறு பிரிந்தோர் தலைமன்னாருக்குப் புறப்பட்ட புகையிரதத்தை மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். தேயிலையைக் கீழிறக்க அமைந்த அதே பாதை, தேயிலையை வளர்த்தோரையும் கீழிறக்கிச் சென்றது.

இதே காலத்திலேயே அயலூரான மஸ்கெலியா நீருள் மறைந்தது. 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கம் அமைக்கப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகர் மூழ்கிற்று. மக்கள் புதிய நகருக்குப் பெயர்ந்தனர். கடும் வரட்சிக் காலங்களில் நீர் வற்றும்போது பழைய வழிபாட்டிடங்களின் எச்சங்கள் வெளிப்படுகின்றன; அவற்றைக் காண மக்கள் திரளுகின்றனர். நீரின் கீழுள்ள நகரத்துக்கு அவ்வப்போதேனும் காட்சி கிடைக்கின்றது. அட்டனின் தொழிலாளர் வரலாற்றுக்கோ அந்த வாய்ப்பும் அரிதாகவே கிட்டுகின்றது.

மலையகத்தின் மரபுரிமை எனின் துரைமாரின் பங்களாக்களும் தேவாலயங்களும் நினைவுகூரப்படுகின்றன. அவை பேணப்படவேண்டியவையே, அவற்றின் கற்களைச் சுமந்த கைகளும் தொழிலாளருடையவையே. ஆனால் கூட்டம் நிகழ்ந்த சந்தியும், துண்டுப் பிரசுரங்களும், தொழிற்சங்கங்களின் பதிவேடுகளும், முதியோர் நினைவிலுள்ள பாடல்களும் அவற்றினும் விரைவாக அழியக்கூடியவை. 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் பிரஜாவுரிமைப் பிரச்சினைக்குப் பெருமளவு தீர்வு கண்டன. 2023இல், மலையகத் தமிழரின் இருநூறாண்டு வாழ்வை நினைவுகூர்ந்து, முன்னோர் நடந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபவனி நிகழ்ந்தது. சட்டம் உரிமையை மீட்டளித்தது; நினைவை மீட்டளிப்பது கற்றோர் கடன். பல்கலைக்கழகத்து வரலாற்று மாணவர் ஏடுகளைத் தேடி அட்டனின் தெருக்களுக்கும் லயங்களுக்கும் செல்வாராயின், அந்நகரின் மெய்யான வரலாறு எழுதப்படும்.